நாபாவுக்கு எதிராக எழுதிய துண்டுக் கடதாசி

1

மகன் அமெரிக்காவில் இருந்து தொலைபேசி எடுத்தபோது நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தான் பார்த்து வந்த திராட்சைத் தோட்டத்துக் கொடிகளை இயந்திரம் கொண்டுவந்து வேரோடு பிடுங்கிவிட்டார்கள், இனி அங்கே தனக்கு வேலை இல்லை, கார்த்திகை மாதம் டென்மார்க்குக்கே திரும்பி வருகிறேன் என்றான். பதினைந்து வருடம் இருந்த இடம். "வா தம்பி, அறை சும்மாதான் கிடக்குது" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதைச் சபையில் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக் கிண்ணங்களை அடுக்கும்போது, துடைத்த கிண்ணத்தையே திரும்பத் துடைத்ததைப் பாஸ்டரின் மனைவி கண்டுவிட்டார். என்னக்கா என்று கேட்டார். மகன் வேலையை விட்டு வருகிறான் என்று மட்டும் சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் நிரம்பிவிட்டன.

"ராணியக்கா, கர்த்தர் கேட்டுட்டார் பாத்தீங்களே. மகன் வந்து வாற முதல் திருவிருந்து ஞாயிறே நீங்கள் எழும்பிச் சாட்சி சொல்ல வேணும். மகனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு நான் ஆர் என்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில், முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே வீதியில் இருக்கிறேன். முதலில் பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. பிறகு இறைச்சித் தொழிற்சாலை. இப்போது பென்ஷன். ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. டொக்டர் எங்கே நோகிறது என்று கேட்டால் மகள் சுகந்திதான் பதில் சொல்லுவாள். எங்கள் சபை, டெனிஷ் தேவாலயம் ஒன்றின் பக்கத்து மண்டபத்தில் கூடுகிறது. அதில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு நாளும் எழும்பிச் சாட்சி சொன்னதில்லை. என்னுடைய ஊழியம், மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்சிக் கொண்டுபோவது. அதற்கு வாய் தேவையில்லை.

பாஸ்டரின் மனைவி ஏன் அப்படிச் சந்தோசப்பட்டார் என்றால், அந்த வேலை என் மகனை விட்டுப் போகவேண்டும் என்று சபையிடம் ஜெபம் கேட்டவளே நான்தான். எழும்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தபடியால் துண்டுக் கடதாசியில் எழுதிச் சபையின் ஜெபப் பெட்டியில் போட்டேன். மூன்று வெள்ளிக்கிழமை எல்லோருமாக உபவாசம் இருந்தார்கள்.

மகனுக்கு இது தெரியாது.

2

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்கு என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் திராட்சையை முந்திரிகை என்போம். அவருக்கு ஊரெழுவில் முந்திரிகைப் பந்தல் இருந்தது. கிணற்றடித் தண்ணீரில் செழித்த பந்தல். கொழும்பு வியாபாரி லொறியோடு வந்து பழத்தை ஏற்றிக்கொண்டு போவார். அந்தப் பழத்தில் வைன் செய்யலாம் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. அவர் அப்போது குடிப்பதும் இல்லை.

இங்கே வந்த பிறகுதான் எல்லாம். அகதி முகாமில் வேலை செய்யக் கூடாது என்று மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். விடியத் தண்ணீர் கட்டி, கொடி வெட்டி, பழம் பார்த்துப் பழகிய மனிதர் ஜன்னலடியில் இருந்து பனியைப் பார்த்தார். பிறகு கடதாசிப் பெட்டியில் வரும் மலிவு வைனைப் பார்த்தார். பெட்டியின் அடியில் சின்னக் குழாய் இருக்கும், திறந்தால் வரும். ஈரல் பழுதாகிச் செத்தபோது மகன் ஜெயனுக்குப் பதினாறு வயது. பெட்டிகளைக் கிழித்துத் தொட்டியில் ஊற்றியவன் அவன்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பிள்ளை பால் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் நல்ல வேலையில் இருந்துவிட்டு, முப்பத்தொரு வயதில், கலிபோர்னியாவில் நாபா என்ற இடத்துக்கு வைன் செய்யப் போகிறேன் என்றால் ஒரு தாய் என்ன செய்வாள்? அன்றைக்கு ஒன்றுதான் சொன்னேன், அப்பாவை மறந்துபோனாயோ என்று. அவன் அதற்கு, அப்பா குடித்தது வைன் இல்லை அம்மா, அவர் அதை ஒரு நாளும் ருசித்ததே இல்லை என்றான். எனக்கு அது விளங்கவில்லை. கோபம் வந்தது. சபையில் ஆராவது மகன் என்ன செய்கிறார் என்று கேட்டால், பழத்தோட்டம் ஒன்றில் மேற்பார்வை என்பேன்.

3

கொரோனா வந்ததற்கு முந்தின வருடம் சுகந்தி, தான் குடும்பமாக இருக்கும் டோஸ்ட்ருப்பில் இருந்து வந்து என்னை நாபாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கிழமை அங்கே இருந்தோம். அந்த இடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? இரண்டு பக்கமும் மலை. நடுவில் ஒடுங்கிய நிலம். ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து ஹேர்னிங்குக்குப் போய் இன்னும் கொஞ்சம் போனால் எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் நீளம், ஐம்பது கிலோமீட்டர் வரும். அகலம் ஒரு நடை தூரம். விடியற்காலையில் தெற்கே கடல் பக்கத்தில் இருந்து பனிப்புகார் வந்து பள்ளத்தாக்கு முழுவதையும் மூடிவிடும். பத்து மணி போல வெயில் அதை உரித்தெடுக்கும். பகலில் யாழ்ப்பாணத்து வெயில், பின்னேரம் டென்மார்க்குக் குளிர். அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அலைக்கழிந்தால்தான் பழம் பழமாகும் என்றான் மகன். வரிசை முடியும் தொங்கலில் எல்லாம் ரோசாச் செடி. அழகுக்கு என்று நினைத்தேன். கொடிக்கு வரும் நோய் வருத்தம் ரோசாவில்தான் முதலில் தெரியுமாம்.

அவன் ஒரு வயோதிபத் தம்பதியின் சிறிய மலைச்சரிவுத் தோட்டத்தைப் பார்த்தான். அவர்களுடைய முன்னோர் இத்தாலியில் இருந்து வந்தவர்கள். மலைக்குள் குடைந்த நிலவறை ஒன்றில் பீப்பாக்களை வைத்திருந்தார்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னான். பிக்காசு கொத்திய அடையாளம் இன்னும் கிடந்தது. என் விரல் அதற்குள் சரியாகப் போனது.

"இதைக் குடைஞ்சது சீனாக்காரர் அம்மா. ஆயிரக்கணக்கிலை வந்து மலையைக் கொத்திச்சினம். வேலை முடிஞ்ச பிறகு, இனிச் சீனாக்காரர் வரவேண்டாம் எண்டு சட்டம் போட்டு விரட்டிப்போட்டாங்கள்."

அந்தச் சுவரில் இருந்து விரலை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் சொன்ன கதை நீளம். அந்த மண்ணில் முதல் இருந்த சனம் ஓக் மரத்துக் கொட்டையை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டவர்கள். அவர்களைப் புது நோயும் துவக்குச் சூடும் தின்றன. தெற்கே இருந்த பாதிரிமார் பூசைக்கென்று வளர்த்த கொடியில் இருந்துதான் நடுவதற்கு முதல் தடி வந்ததாம். பிறகு தங்கம் தேடி வந்தவர்கள், தங்கம் கிடைக்காமல் கொடி நட்டார்கள். ஜெர்மன்காரர், இத்தாலிக்காரர். நன்றாக வந்துகொண்டிருக்கும்போது வேரைத் தின்னும் பேன் ஒன்று வந்து தோட்டம் தோட்டமாகக் காயவைத்தது. திரும்பி நட்டார்கள். அப்போது நாடு முழுவதும் மது கூடாது என்று சட்டம் வந்தது. கன பேர் கொடியைப் பிடுங்கிப் பிளம்ஸ் மரம் வைத்தார்கள். தேவாலயத்துத் திருவிருந்துக்குச் செய்தவர்களுக்கு மட்டும் அனுமதி இருந்தது. மற்றவர்கள் பழச்சாற்றை இறுக்கிக் கட்டியாக்கி விற்றார்கள். அதோடு ஒரு எச்சரிக்கையும் கொடுப்பார்களாம். இதைத் தண்ணீரில் கரைத்து அலுமாரிக்குள் இருபது நாள் வைத்துவிடாதீர்கள், வைத்தால் வைன் ஆகிவிடும் என்று. சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சட்டம் போன பிறகும் கன வருடம் அந்தப் பள்ளத்தாக்கை ஒருவரும் மதிக்கவில்லை. பிறகு ஒரு நாள் பிரான்சில், எது எவருடையது என்று தெரியாமல் குடித்துப் பார்த்த பெரிய ஆட்கள் இவர்களுடையதை மேலே வைத்தார்கள். அதற்குப் பிறகு பணக்காரர் வந்தார்கள். இப்போது கொடி வெட்டுவதும் பழம் கொய்வதும் மெக்சிக்கோக்காரர். என் மகன் அவர்களோடு ஸ்பானிஷ் கதைத்தான். தோட்டக்கார அம்மாவோடு ஆங்கிலம், தமக்கையோடு டெனிஷ், என்னோடு தமிழ். என்னோடு கதைக்கும்போதுதான் சொற்களுக்குத் தடக்கினான்.

"மூண்டு தரம் செத்து எழும்பின இடம் அம்மா" என்று அந்தப் பள்ளத்தாக்கைக் காட்டிச் சொன்னபோது அவனுடைய முகம் இருந்த மாதிரியை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

பிறகு சொல்லவும் முடியாமல் போனது. அடுத்த நாள் காலை அவன் பீப்பாவில் இருந்து ஒரு கிளாஸில் ஊற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். முகம் அப்படியே அவனுடைய அப்பா. வாயில் எடுத்ததை அவன் துப்பியதை நான் கண்டேன். துப்பியதைக் கண்டும் என் மனம் நம்ப மாட்டேன் என்றது. திரும்பி வந்து, தை மாதம், அந்தத் துண்டை எழுதினேன்.

"என் மகனை அந்தத் தொழிலில் இருந்து எடுத்துவிட வேண்டும். எப்படியாவது எடுத்துவிட வேண்டும்."

எப்படியாவது என்று எழுதியது நான்தான்.

4

துண்டு எழுதிய அதே வருடம் புரட்டாதி மாதம் நாபாவில் நெருப்புப் பிடித்தது. மலை மலையாக எரிந்ததைச் செய்தியில் காட்டினார்கள். மகன் இருந்த சரிவில் மேல் பாதி கருகிவிட்டது. கீழ்ப் பாதியில் பழம் அழகாகத் தொங்கியதாம். ஆனால் புகை தோலுக்குள் ஏறிவிட்டால் அந்த வைனில் சாம்பல் மணக்கும். கொய்து பிரயோசனமில்லை. "பழத்தைக் கொடியிலையே விட்டாச்சு அம்மா" என்று தொலைபேசியில் சொன்னான். உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான்.

பக்கத்துத் தோட்டக்காரரின் வீடு போய்விட்டது. சபையில் இதைச் சொன்னதும் ஒரு அண்ணை, கர்த்தர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்றார். அவர் நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எரிந்த இடத்தில் மகன் திரும்பி நட்டான். ஐந்து வருடம் இழுத்துப் பார்த்தான். பிறகு உலகத்தில் வைன் குடிப்பவர்கள் குறைந்துபோனார்களாம், பழத்தை எடுக்க ஆள் இல்லை. அந்த வயோதிபத் தோட்டக்காரர் செத்துப்போனார். அவருடைய பிள்ளைகள் கொடியைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். "இந்தப் பள்ளத்தாக்கு எழும்பும் அம்மா, நான்தான் எழும்பமாட்டன் போல கிடக்கு" என்றான்.

கார்த்திகையில் வந்தான். இரண்டு பெட்டி. ஒன்றில் உடுப்பு. மற்றதில் புத்தகமும், தோல் உறைக்குள் போட்ட கொடி வெட்டும் கத்தரியும்.

அவன் வந்து இரண்டாம் நாள் கொம்மூன என்ற நகரசபைக் கந்தோருக்கு நானும் போனேன். என் விலாசத்தில் பதிய வேண்டும் என்பதால். அங்கே இருந்த பெண்பிள்ளை அன்பாகத்தான் கதைத்தாள். என்ன தொழில் என்று கேட்டாள். வைன் செய்கிறவன் என்றான். அவளுடைய கணினியில் அப்படி ஒன்று இருக்கவில்லை. மேலும் கீழும் தேடிவிட்டு, உணவுப் பொருள் என்று போடட்டுமா என்று கேட்டாள். போடுங்கள் என்றான். இங்கே எதற்கும் கேட்கும் மிட்-ஐடி என்ற அடையாளச் செயலியைத் திரும்ப எடுப்பதற்குப் பழைய பாஸ்போட், புதிய பாஸ்போட், படம் என்று இன்னும் இரண்டு நாள் அலைந்தோம். நாற்பத்தாறு வயது ஆள், தாயின் வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றான்.

5

மார்கழி முதல் ஞாயிறு வந்தது. அன்றுதான் நான் சாட்சி சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை ரசத்தைச் சரிபார்க்கப் போத்தலை எடுத்தேன்.

நான் செய்யும் முறை இதுதான். கறுத்த முந்திரிகைவத்தலை ஊறவைத்து, அவித்து, சீனி போட்டு, வெள்ளைத் துணியில் வடிப்பேன். வியாழக்கிழமை செய்து, போத்தலைத் துவாயால் சுற்றி, ஹீட்டருக்கு மேலே உள்ள தட்டில் ஞாயிறு வரைக்கும் வைப்பேன். போன மாதம் மிஞ்சியதையும் அதற்குள் ஊற்றிவிடுவேன். ஜெபித்த ரசத்தைத் தொட்டியில் ஊற்ற மனம் வராது. இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானாகவே செய்துகொண்டு வந்தேன்.

மூடியைத் திருகினேன். எப்போதும் போல மெல்லமாக ஒரு சீறல் கேட்டது. மேசையில் இருந்த மகன், ஆரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பினான். எழும்பி வந்து போத்தலை வாங்கி மணந்து பார்த்தான். ஒரு துளி நாக்கில் வைத்தான்.

"மிச்சத்தை என்ன செய்யிறனீங்கள்?"

சொன்னேன்.

"எத்தினை வருசமா?"

"இருபத்திரண்டு."

அவன் கதிரையில் இருந்துவிட்டான். வந்து ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தான்.

"அம்மா, உங்கடை சபை இருபத்திரண்டு வருசமா வைன் குடிச்சிருக்கு. நான் நொதிக்க வைக்கப் படிச்சன். நீங்கள் படிக்காமலே செய்திருக்கிறியள். பழைய மிச்சம்தான் புதுசைப் புளிக்க வைக்கிறது."

எனக்கு முதலில் பயம் வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். சபை அண்ணைமார் சின்னக் கிண்ணத்தை எடுத்துக் கடைசித் துளி வரைக்கும் அண்ணாந்து குடிப்பதை நினைத்துத்தான். இருவருமாக இருந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் எனக்குத் துணிவு வந்துவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் நாளைக்குச் சபை நடுவில்தான் அவன் கேள்விப்படுவான் என்று நினைத்துச் சொன்னேன். துண்டு எழுதியதை. மூன்று வெள்ளிக்கிழமையை. எப்படியாவது என்ற சொல்லை.

அவன் சிரிப்பதை நிறுத்தினான். போத்தலை மூடி மேசையில் வைத்தான்.

"எந்த மாசம்?"

"தை. நெருப்புக்கு முந்தி."

"அந்த மலை காய்ஞ்சு கிடந்தது அம்மா. காத்தடிச்சது. உங்கடை துண்டுக் கடதாசி அங்கை வந்து நெருப்பு வைக்கேல்லை."

"நான் கேட்டது அதைத்தானே தம்பி."

மூடியிருந்த போத்தலை இன்னும் ஒருதரம் இறுக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கடவுளிட்டைக் கேட்டியள். சபையிட்டைக் கேட்டியள். அந்த வேலையிலை என்ன இருக்கு எண்டு என்னட்டை ஒருநாளும் கேட்கேல்லை."

அவன் சொன்னது சரி. இரண்டு கிழமை அவனுடைய தோட்டத்தில் நின்று, அவன் சொன்ன கதை எல்லாவற்றையும் கேட்டேன். நானாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் தேடிக்கொண்டு நின்றேன்.

ஜெயன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். கோபத்தில் போகிறான் என்று நினைத்தேன். முக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். கடையில் விற்கும் திராட்சைச் சாறு இரண்டு போத்தலை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

6

ஞாயிறு அந்தக் கடைச் சாற்றைத்தான் கிண்ணங்களில் ஊற்றினேன். அவன் வந்து கடைசி வரிசையில் இருந்தான். திருவிருந்து முடிந்ததும் பாஸ்டர் என் பெயரைச் சொன்னார். எழும்பினேன். முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்தார்கள். நன்றி சொல்லப் போகிறாள் என்று அல்லேலூயா சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பிழையாக் கேட்டுப்போட்டன். அதைத் திருப்பி எடுக்க ஏலுமோ எண்டு எனக்காகக் கேளுங்கோ."

அவ்வளவுதான் வந்தது. இருந்துவிட்டேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு ஆரோ ஒரு பிள்ளை அழுதது, அதற்குப் பிறகு எல்லோரும் பாடினார்கள்.

தேத்தண்ணி நேரம், கர்த்தர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று அன்றைக்குச் சொன்ன அண்ணை கிட்ட வந்து, "தங்கச்சி, இண்டைக்கு ரசம் சப்பெண்டு இருந்தது, உங்கடை கைப்பக்குவம் இல்லை" என்றார். பின்னால் நின்ற மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரித்தானோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் பாஸ்டரின் மனைவி வந்து, உங்களுக்கும் வயது போகிறது, இனி ரசத்தை வேறு ஆட்கள் பார்க்கட்டும் என்று சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். கிண்ணப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். சுகந்தி தொலைபேசியில், நீங்கள் எழும்பிக் கதைச்சனீங்களோ என்று இரண்டு தரம் கேட்டாள். அவளுடைய மகள் பின்னால் இருந்து டெனிஷில் என்னவோ கேட்டது. ஒன்றுமில்லை, பெரிய ஆட்களின் விசயம் என்று அவளும் டெனிஷில் சொன்னாள்.

7

ஜெயனுக்குப் பழைய பால் ஆய்வுகூடத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது. காலை ஏழரைக்குச் சைக்கிளில் போகிறான். பால் புளிக்காமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. என்னோடு மரியாதையாகத்தான் கதைக்கிறான். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கிறான். நாபா என்ற சொல் அவன் வாயில் வருவதில்லை. நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பிந்திவிட்டதென்று தெரிந்தும் கேட்கிறேன். எந்த மாதம் கொடி வெட்டுவீர்கள், ஒரு கிளையில் எத்தனை முளைக்கண் விடுவீர்கள் என்று. மாசியில், இரண்டு கண் என்று சொல்லுகிறான். அதற்கு மேல் சொல்லுவதில்லை.

இப்போது மாசி. இன்று சனிக்கிழமை. காலையில் பின் வளவில் சத்தம் கேட்டு ஜன்னலால் பார்த்தேன். தோல் உறையில் இருந்து அந்தக் கத்தரியை எடுத்துக்கொண்டு போய், எங்களிடம் இருக்கும் ஒரே ஒரு அப்பிள் மரத்தை வெட்டிக்கொண்டு நிற்கிறான். கொடி வெட்டுவது போலவே வெட்டுகிறான். ஒவ்வொரு கிளையையும் பிடித்துப் பார்த்து, இரண்டு கண்ணை விட்டு, மற்றதெல்லாம் கீழே. அப்பிள் மரத்தை அப்படி ஒட்ட வெட்டக் கூடாது என்று எனக்கே தெரியும். பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் போய் நிறுத்தவில்லை. தேத்தண்ணியை ஊற்றி மூடிவைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மரம் மொட்டையாக நிற்கிறது. அது துளிர்க்க வேண்டும் என்று ஜெபிக்க வாய் வருகிறது. கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கிறேன்.